பார்சல் எங்கே? டிராக்கிங் கோளாறும் டெலிவரி தகராறும், அறிகுறி வாரியாக

இளம்பிள்ளைச் சேலையை வாட்ஸ்அப் குரூப்பில் விற்கிறவர்கள், வீட்டில் பொடி அரைத்து இன்ஸ்டாகிராமில் ஆர்டர் பிடிக்கிறவர்கள், திருப்பூர் பனியனை மீஷோவில் ஏற்றுகிறவர்கள் என்று பலருக்கும் புக்கிங் போட்டுத் தரும் கவுன்டர் என்னுடையது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே போன் அடிக்கும்: "அண்ணா, அந்த பார்சல் என்னாச்சு?" கேள்வி ஒன்றுதான், கோளாறு பல வகை. உங்கள் பார்சல் காட்டும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போய் வரிசையாகப் பாருங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில், கையைக் கடிக்கிற காரணம் கடைசியில்.

யாருக்கும் போன் போடும் முன் புக்கிங் ரசீது, ஒட்டிய லேபிளின் போட்டோ, டிராக்கிங் பக்கத்தின் முழு ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் தேதி, நேரம், ஊர் மூன்றும் தெரிய வேண்டும். நாம் பார்க்கப் போவது பெரும்பாலும் கடைசி ஸ்கேன் வரி ஒன்றைத்தான். பார்சலைக் கடைசியாகக் கையில் வாங்கியது எந்த ஆபீஸ் என்று அதுதான் சொல்லும், பதில் சொல்ல வேண்டியதும் அந்த ஆபீஸ்தான். கஸ்டமர் கேர்காரர் "ஹப்புல இருக்கு சார்" என்றால் (பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற மையம்தான் ஹப்), எந்த ஹப், எத்தனை மணி ஸ்கேன் என்று கேளுங்கள்.

அறிகுறி 1: நம்பரைப் போட்டால் "விவரம் இல்லை" என்கிறது

இன்றுதான் லேபிள் எடுத்தீர்களா? ஷிப்ராக்கெட் மாதிரி கூரியர் புக்கிங் தளங்களில் லேபிள் அச்சானதுமே கஸ்டமருக்கு நம்பர் போய்விடும். பொருள் இன்னும் உங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கும். பிக்கப் முடிந்து அன்று ராத்திரி ஹப்பில் இறங்கிய பிறகுதான் முதல் ஸ்கேன் விழும். மறுநாள் காலை வரை பொறுங்கள்.

நம்பர் சரியா? ஆர்டர் நம்பரையும் டிராக்கிங் நம்பரையும் மாற்றி அனுப்புவது தினமும் நடக்கிறது. அடுத்தது, ஒரு கூரியர் நம்பரை இன்னொரு கூரியரின் தளத்தில் போட்டுப் பார்ப்பது. ஸ்பீடு போஸ்ட் நம்பர் மொத்தம் 13 எழுத்து: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் ஐ, என். இதில் ஏதாவது குறைந்தால் அப்போதே தெரிந்துவிடும். இலக்கம் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. ஒன்பதாவது இலக்கம் சும்மா வருவதில்லை, முதல் எட்டிலிருந்து கணக்குப் போட்டு வைத்தது அது. முதல் எட்டு இலக்கத்தையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழியுங்கள். 12345678 என்றால் கூட்டுத்தொகை 204, மீதி 6, விடை 5. ஒன்பதாவது இலக்கம் 5 ஆக இருக்க வேண்டும். விடை 10 வந்தால் 0, 11 வந்தால் 5. கணக்கு ஒத்துவரவில்லை என்றால் அந்த நம்பர் தப்பு. ரசீதில் மசி பூசி 3-ஆ 8-ஆ என்று தெரியாதபோது இது ரொம்ப உதவும்.

நம்பர் சரி, பிக்கப்பும் ஆகிவிட்டது, இரண்டு நாளாக ஒரு ஸ்கேன்கூட இல்லையா? இதுதான் இந்த அறிகுறியில் விலை கூடியது. பிக்கப் தம்பி மூட்டையாக அள்ளிக்கொண்டு போய்விட்டார், ஸ்கேன் போடவில்லை. கம்பெனி "எங்களுக்கு வரவே இல்லை" என்று சொல்லலாம். அவர் கையெழுத்துப் போட்ட மேனிஃபெஸ்ட் தாள், அதாவது ஒப்படைத்த பார்சல்களின் பட்டியல், உங்களிடம் இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இல்லாவிட்டால் வாசல் கேமரா பதிவு, அவர் வந்த நேரத்தில் உங்கள் போனில் பதிவான அழைப்பு என்று கிடைத்ததைச் சேர்த்து அன்றே மெயில் போடுங்கள். பத்துப் பார்சல் கொடுத்தாலும் பத்து நம்பரையும் தாளில் எழுதி, "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்காமல் விடாதீர்கள். தம்பி அவசரப்படுவார். பரவாயில்லை.

அறிகுறி 2: ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது

நடுவில் ஞாயிறோ பண்டிகையோ வந்ததா என்று முதலில் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் ஹப் எல்லாம் மூட்டை மலையாகத்தான் இருக்கும். அந்தச் சமயத்தில் இரண்டு நாள் நகராமல் கிடப்பதைப் புகாராக எடுத்துக்கொண்டு போனால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

அடுத்து, பைக்குள் இருக்கிறதா? தபாலில் பல பார்சலை ஒரே பையில் கட்டி, பைக்குத்தான் ஸ்கேன் போடுவார்கள். பை பிரியும் வரை உள்ளே இருக்கும் உங்கள் பார்சலுக்குத் தனி வரி வராது. தூர மாநிலத்துக்குப் போகிற பார்சல் மூன்று நாள் மௌனமாக இருந்துவிட்டு, திடீரென்று கவுஹாத்தியில் முளைக்கும். கவலை வேண்டாம்.

இரண்டு ஹப்புக்கு இடையே போய்ப் போய் வருகிறதா? அப்படியானால் பின்கோடு தப்பு. மெஷினும் சரி, பிரிக்கிற ஆளும் சரி, முதலில் பார்ப்பது ஊர்ப் பெயரை அல்ல, ஆறு இலக்கத்தை. முதல் மூன்று இலக்கம்தான் எந்த மாவட்டப் பிரிப்பு என்று முடிவு செய்கிறது: 600 சென்னை, 625 மதுரை, 636 சேலம், 641 கோவை. ஒரே பெயரில் ஊர்கள் இருக்கிற நம் மாநிலத்தில் இது பெரிய தலைவலி. புதுக்கோட்டை ஆலங்குடிக்கு 622-இல் தொடங்கும், குருப்பெயர்ச்சிக்குக் கூட்டம் சேரும் ஆலங்குடிக்கு 612. திருப்பூர் என்று வாயால் சொன்னதைத் திருப்போரூர் என்று எழுதி, துணி செங்கல்பட்டுப் பக்கம் போய் நின்றதும் உண்டு. கஸ்டமர் அனுப்பிய முகவரியை அப்படியே ஒட்டாமல், இந்திய அஞ்சல் துறையின் பின்கோடு தேடலில் ஊரைப் போட்டு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். தப்பு என்று தெரிந்தால், பார்சல் கடைசி ஹப்பில் இருக்கும்போதே திருத்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். டெலிவரி கிளைக்குப் போய்விட்டால் ரிட்டன் ஆகி வருவதுதான் வழி.

லேபிள் கிழிந்திருக்குமோ? மழைக்காலத்தில் இதையும் சந்தேகப்படுங்கள். லேபிள் போன பார்சல் ஹப்பின் மூலையில் பெயரில்லாமல் கிடக்கும். உள்ளே ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு முகவரியும் போன் நம்பரும் எழுதி வைத்திருந்தால், பிரித்துப் பார்க்கிறவர் உங்களைக் கூப்பிட வழியுண்டு. சீட்டு வைக்கவில்லையா? பார்சலின் போட்டோவை அனுப்பி "நீலக் கவர், மேலே பிரவுன் டேப், எடை 750 கிராம்" என்று அடையாளம் சொல்லித் தேடச் சொல்லுங்கள். எங்கள் கவுன்டரில் எல்லாப் பார்சலையும் போட்டோ எடுப்பது இதற்காகத்தான்.

இவை எதுவும் இல்லை, கடைசி ஸ்கேன் விழுந்து ஒரு வாரம் தாண்டிவிட்டது என்றால் தொலைந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு புகார் எண் வாங்குங்கள். போனில் சொன்னதைப் புகாராக எண்ணாதீர்கள். நம்பர் கிடைத்தால்தான் அது புகார்.

அறிகுறி 3: "டெலிவர்டு" என்கிறது, கஸ்டமர் கையில் இல்லை

சண்டை அதிகம் வருவது இங்கேதான், உறவு கெடுவதும் இங்கேதான். கஸ்டமர் சொன்னதும் "சிஸ்டத்துல டெலிவர்டுனு இருக்கே மேடம்" என்று பதில் போட்டுவிடாதீர்கள். நீங்கள் அவருக்குத் திருட்டுப்பட்டம் கட்டுவதாகத்தான் அவர் காதில் விழும். "நான் கேட்டுச் சொல்றேன், வீட்ல வேற யாராவது வாங்கினாங்களான்னு மட்டும் ஒருதடவை பாருங்க" என்று சொல்லுங்கள்.

வேறு யாராவது வாங்கியிருப்பார்களா? வாட்ச்மேன், மாமியார், மாடி வீட்டுக்காரர், எதிர் மளிகைக் கடை. பாதி கேஸ் இங்கேயே தீர்ந்துவிடும். அப்பார்ட்மென்ட் என்றால் கேட்டில் இருக்கும் ரிஜிஸ்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். கிராமம் என்றால் கிளை அஞ்சலகத்தில் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள், போஸ்ட்மேன் ஊரில் எல்லாரையும் தெரிந்தவராக இருப்பார். "அக்கா வெளியூர் போயிருக்காங்கன்னு அவங்க தம்பிகிட்ட குடுத்தேன்" என்பார்.

எத்தனை மணிக்கு டெலிவர்டு விழுந்திருக்கிறது? ராத்திரி எட்டு, ஒன்பதுக்குப் பிறகு என்றால், அன்றைய கணக்கை முடிக்க மொத்தமாக டெலிவர்டு போட்டிருக்கலாம். மறுநாள் காலையில் பார்சல் தானாக வந்து நிற்கும். ஒரு நாள் விட்டுப் பாருங்கள், அதற்கு மேல் விடாதீர்கள்.

எந்தக் கிளையில் டெலிவர்டு? கஸ்டமர் இருப்பது வேளச்சேரி, வரி சொல்வது ஆவடி என்றால் வேறு ஆள் பார்சலோடு லேபிள் மாறியிருக்கலாம். அந்தக் கிளை நம்பரைக் கண்டுபிடித்து நேரில் யாராவது போனால் வேலை சீக்கிரம் முடியும்.

பிஓடி கேளுங்கள். டெலிவரிக்கான சாட்சி அது: கையெழுத்து, வாங்கியவர் பெயர், போட்டோ, ஓடிபி பதிவான நேரம், இதில் எது இருந்தாலும். வந்ததை அப்படியே கஸ்டமருக்கு அனுப்பி "இது உங்க வீட்டு வாசலா?" என்று கேளுங்கள். நான் பார்த்த ஒரு பிஓடியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் விரலால் இழுத்த ஒரு கோடு, பெயர் இடத்தில் "செல்ஃப்". போட்டோவில் பச்சைக் கேட். கஸ்டமர் வீட்டுக்குக் கேட்டே கிடையாது. அந்த மூன்றையும் வட்டம் போட்டு மெயிலில் அனுப்பிய பிறகுதான் கம்பெனி வழிக்கு வந்தது.

கஸ்டமர் பொய் சொல்கிறாரோ என்ற சந்தேகமா? நேரடியாகக் கேட்காதீர்கள். "கூரியர்ல க்ளெய்ம் போட உங்ககிட்ட இருந்து ஒரு லெட்டர் வேணும். பார்சல் கிடைக்கலைன்னு பேர், தேதி, கையெழுத்தோட எழுதி போட்டோ அனுப்புங்க" என்று கேளுங்கள். உண்மையில் கிடைக்காதவர் பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடுவார். மற்றவர் பெரும்பாலும் "பையன் வாங்கி வெச்சிருக்கான், இப்பதான் சொன்னான்" என்று முடித்துவிடுவார். அவருக்கும் மானம் போகாது, உங்களுக்கும் வேலை ஆகும். எப்படியும் க்ளெய்முக்கு அந்த லெட்டர் தேவைதான்.

பணத்தை யார் தாங்குவது? கஸ்டமர் கணக்கு உங்களோடு, உங்கள் கணக்கு கூரியரோடு. "கூரியர்காரன் குடுத்தாதான் தருவேன்" என்று இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். சொன்ன நாளுக்குள் பொருள் போய்ச் சேராவிட்டால் ரீஃபண்டை மறுக்கக் கூடாது என்று 2020 இ-காமர்ஸ் விதிகளே சொல்கின்றன. கார்டிலோ ஆன்லைன் பேமென்ட் கேட்வே வழியாகவோ கட்டியவர், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி வங்கியில் சார்ஜ்பேக் போட்டால் உங்களுக்கு மெயில் வரும், அதில் கெடு தேதி இருக்கும். பில், பிஓடி, வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் அந்தத் தேதிக்குள் ஏற்றாவிட்டால் உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் பணம் போய்விடும்.

விலை கூடிய சேலைக்கு ஆரம்பத்திலேயே ஓடிபி டெலிவரி போட்டுவிடுங்கள். 2025 அக்டோபர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட்டில் ₹5-உம் அதற்கு ஜிஎஸ்டியும் கூடுதலாகக் கட்டினால் ஓடிபி சொன்னால்தான் கொடுப்பார்கள். அதே ₹5-க்குப் பதிவு வசதியும் உண்டு, முகவரிதாரர் கையிலோ அவர் சொன்னவர் கையிலோதான் போகும். பழைய ரிஜிஸ்டர் போஸ்ட் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால், "ரிஜிஸ்டர் பண்ணுங்க" என்று கவுன்டரில் கேட்டால் இப்போது கிடைப்பது இதுதான்.

அறிகுறி 4: "வீடு பூட்டியிருந்தது", "கஸ்டமர் வேண்டாம் என்றார்"

போன் நம்பர் சரிதானா, தெரியாத நம்பரை எடுக்கிற பழக்கம் அவருக்கு உண்டா என்பதை முதலில் பாருங்கள். டெலிவரி தம்பியின் நம்பர் பலர் போனில் ஸ்பேம் என்று சிவப்பாகத் தெரியும், எடுக்க மாட்டார்கள். "இன்னைக்கு டெலிவரிக்கு வருது, புது நம்பர்ல இருந்து கால் வந்தா எடுங்க" என்று காலையில் ஒரு மெசேஜ் போட்டாலே ரிட்டன் கணிசமாகக் குறையும். கேஷ் ஆன் டெலிவரி என்றால் தொகையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கஸ்டமர் வீட்டில்தான் இருந்தார், யாரும் வரவில்லையா? வராமலேயே காரணம் போட்டிருக்கிறார்கள். கஸ்டமரிடம் அன்றைய கால் லாக் ஸ்கிரீன்ஷாட் வாங்கி, புக்கிங் தளத்தின் என்டிஆர் (டெலிவரி ஆகாதவை) பகுதியில் ஏற்றி, மறுபடி கொண்டுபோகச் சொல்லுங்கள். நேரம் முக்கியம். பல கம்பெனிகளில் ஒன்றிரண்டு நாளுக்குள் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பார்சல் தானாக ரிட்டனுக்குத் திரும்பிவிடும். போன கட்டணமும் உங்களுக்கு, வந்த கட்டணமும் உங்களுக்கு.

கஸ்டமருக்கே மனசு மாறிவிட்டதா? விட்டுவிடுங்கள். அடுத்த முறை அந்த நம்பருக்கு அட்வான்ஸ் வாங்காமல் அனுப்பாதீர்கள். கூரியர் செலவை மட்டுமாவது முன்னால் ஜிபேயில் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு.

அறிகுறி 5: எடை கூடுதல் என்று பணம் பிடித்துவிட்டார்கள்

தராசில் 2 கிலோ, பில்லில் 6 கிலோ. பெட்டி அடைக்கிற இடத்தையும் கூரியர் எடையாகக் கணக்குப் போடும், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்துப் பாருங்கள். கொலு பொம்மைக்குத் தெர்மோகோல் வைத்துக் கட்டிய 40, 30, 25 பெட்டி 6 கிலோ கணக்குக்குத்தான் வரும். சில கம்பெனி 4000-ஆல் வகுக்கும், ஒப்பந்தத்தில் பாருங்கள். கணக்கு ஒத்துவந்தால் பேச்சில்லை, பெட்டியைச் சின்னதாக்குங்கள். ஒத்துவரவில்லை என்றால் டேப் வைத்து அளந்த போட்டோ, தராசு போட்டோ, லேபிள் தெரிகிற மாதிரி, கெடுவுக்குள் ஏற்றுங்கள்.

அறிகுறி 6: ரிட்டன் வந்தது, உள்ளே வேறு பொருள்

பட்டுச் சேலை போய்ப் பழைய நைட்டி வந்தது என்பது கதையல்ல. ரிட்டன் பார்சலைக் கேமரா ஓடாமல் பிரிக்கவே கூடாது. வீடியோ நடுவில் வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். முதலில் நாலு பக்கமும் திருப்பிக் காட்டுங்கள், லேபிள் நம்பர் படிக்கிற அளவுக்குக் கிட்டே போங்கள், டேப் ஏற்கெனவே பிரிந்திருந்தால் அதைக் காட்டுங்கள், பிறகு வெட்டுங்கள். கையில் கத்தி, இன்னொரு கையில் போன் என்று ஆட்டிக்கொண்டு எடுத்த வீடியோவை நிராகரித்துவிடுவார்கள். நூறு, இருநூறு ரூபாய் ஸ்டாண்ட் ஒன்று போதும்.

இப்படி ஏமாந்த விற்பனையாளர் நஷ்டஈடு கேட்பதற்கு அமேசானில் சேஃப்-டி க்ளெய்ம், ஃபிளிப்கார்ட்டில் எஸ்பிஎஃப் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு, அடிக்கடி மாறும் என்பதால் செல்லர் பேனலில் இன்று என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ரிட்டனை வாங்கி வைத்து "ஞாயித்துக்கிழமை மொத்தமா பிரிச்சுக்கலாம்" என்று போடுவதால் கெடு தவறியவர்களே அதிகம்.

அறிகுறி 7: "முகவரியைத் திருத்துங்கள்" என்று கஸ்டமருக்கு லிங்க் வருகிறது

அது கூரியர் அனுப்பியது அல்ல, மோசடி. அஞ்சல் துறை பெயரிலும் இது சுற்றுகிறது. லிங்கைத் தொட வேண்டாம், போனில் ஸ்டார் 401 ஸ்டார் போட்டு ஏதோ நம்பரை அழுத்தச் சொன்னாலும் வேண்டாம், அது கால்களை வேறு நம்பருக்குத் திருப்பிவிடும். பணம் போய்விட்டால் உடனே 1930.

எப்போது மேலே போவது

கஸ்டமர் கேர் ஒரே பதிலைத் திரும்பச் சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்கள், அதில் பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தபால் என்றால் 1800 266 6868-இல் புகார் எண் வாங்கி, அதற்கும் பதில் இல்லாவிட்டால் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸில் போடலாம். ஆனால் இன்ஷூர் செய்யாத ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கிடைப்பது கட்டணத்தின் இரு மடங்கு அல்லது ₹1000, எது குறைவோ அது. ₹8000 பட்டுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாமல் அனுப்பிவிட்டு அப்புறம் யாரைத் திட்டியும் பயனில்லை.

தனியார் கூரியர் என்றால் ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். இவ்வளவுக்கு மேல் பொறுப்பில்லை என்று அதில் ஒரு தொகை இருக்கும். பாரதி நிட்டிங் கம்பெனி, டிஎச்எல் வழக்கில் 1996-இல் சுப்ரீம் கோர்ட், கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்ட அந்த வரம்பே செல்லும் என்று 100 டாலரோடு நிறுத்திவிட்டது. அதனால் விலை கூடிய பொருளுக்கு மதிப்பை எழுதி, ரிஸ்க் கவர் (தொலைந்தால் ஈடு தரும் கூடுதல் கட்டணம்) கட்டி அனுப்புங்கள்.

வக்கீலைப் பார்ப்பது என்று முடிவு செய்தால் காலத்தைக் கவனியுங்கள். 2007 சாலைவழிச் சரக்குச் சட்டத்தில் கூரியரும் அடங்கும். தொலைந்ததற்கோ சேதத்துக்கோ வழக்குப் போட, புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். "பார்க்கலாம் சார், விசாரிக்கிறோம்" என்று கம்பெனி இழுக்கிற இழுப்பில் பலருக்கு இந்த 180 நாள் கரைந்துவிடுகிறது. மெயிலோடு விடாமல் பதிவு வசதி சேர்த்த ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். "வியாபாரி நீங்க, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்று சொல்வார்கள். சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்துச் செய்கிற சுயதொழில் என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கோர்ட் ஃபீஸ் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

பார்சலைப் பிரித்துத் திருடியது தெளிவாகத் தெரிகிறது, அல்லது ஒரே ரூட்டில் பார்சல் திரும்பத் திரும்பக் காணாமல் போகிறது என்றால் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து, மனு வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீதை வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் க்ளெய்முக்கு அது கேட்பார்கள்.

₹600 சேலைக்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம். புகார் எண் வாங்குங்கள், கஸ்டமருக்கு வேறு சேலை அனுப்புங்கள், அந்தக் கிளைக்குப் போகிற பார்சலை ஒரு மாதத்துக்கு வேறு கூரியரில் போடுங்கள்.